போர் பொருளாதார மந்தத்தைத் தீர்க்குமா? அமெரிக்கக் கணக்கும் பர்மாக் கணக்கும்

#1 சிரியம் செல்வம்

அனைவருக்கும் வணக்கம். நெல் விலை இழையில் பேச்சோடு பேச்சாக வந்த விஷயம் இது. அங்கே இடமில்லை என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

என் வாதம் சுருக்கமானது. 1933இல் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ரூஸ்வெல்ட் ஆறு வருடம் எத்தனையோ திட்டம் போட்டும் 1939இல் வேலையின்மை 17.2 சதவீதம். அதற்குப் பிறகு பாருங்கள்: 1940இல் 14.6, 1941இல் 9.9, 1942இல் 4.7, 1944இல் 1.2. மத்திய அரசின் செலவு 1940இல் சுமார் 950 கோடி டாலர். 1944இல் 9,100 கோடியைத் தாண்டியது. மந்தத்தில் முழுத்திறனுக்கு ஓடாமல் கிடந்த ஆலைகள் இரண்டே வருடத்தில் இரவு பகலாக ஓடின.

போர் நல்லது என்று நான் சொல்லவில்லை. செத்தவர்களை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. ஆனால் மந்தத்தை முடித்தது எது என்று கேட்டால் போர் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

#2 ஐந்தொகை

செல்வம் அண்ணே, உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன்.

1940இல் அங்கே வேலையில்லாதவர்கள் சுமார் 81 லட்சம் பேர். 1944இல் 6.7 லட்சம். குறைந்தது 74 லட்சத்துக்குச் சற்று மேல். அதே நாலு வருடத்தில் படையில் இருந்தவர்கள் 5 லட்சம் சொச்சத்திலிருந்து 1 கோடியே 14 லட்சம் ஆனார்கள். கூடியது ஒரு கோடிக்கும் மேல். வேலையின்மை குறைந்ததைவிடப் படைக்குப் போனவர்கள் 30 லட்சத்துக்கு மேல் அதிகம். ஆலைக்கு ஆள் போதாமல் பெண்களையும், பள்ளிப்படிப்பை முடிக்காத பிள்ளைகளையும், ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டது அதனால்தான். கட்டாய ஆள்சேர்ப்பு வைத்தால் எந்த நாட்டிலும் வேலையின்மை சதவீதம் இறங்கும். நாடு செழித்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இன்னொரு விஷயம். நீங்கள் தரும் 1939, 1940 எண்களில், அரசின் நிவாரணத் திட்டத்தில் சாலை போட்டும் பாலம் கட்டியும் கூலி வாங்கியவர்கள் வேலையில்லாதவர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அவர்களை வேலையில் உள்ளவர்களாகச் சேர்த்து பொருளியலாளர் மைக்கேல் டார்பி திருத்திக் கணக்கிட்டபோது 1940இன் 14.6 என்பது 9.5 ஆனது. சாலை போட்டால் வேலையில்லாதவன், துப்பாக்கி தூக்கினால் வேலையுள்ளவன் என்று வைத்துக்கொண்டால் போர் எப்போதும் ஜெயிக்கும்.

#3 மோல்மேன் நாயகி

ஐந்தொகை தம்பி சொன்னது சரி. நான் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன்.

அமெரிக்க உற்பத்தி அடிமட்டத்தைத் தொட்டது 1933 தொடக்கத்தில். டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டியிருந்த முடிச்சை அந்த ஏப்ரலில் அவிழ்த்துவிட்டார்கள். 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கம் 20.67 டாலரிலிருந்து 35 டாலர் ஆக்கப்பட்டது. அதன் பிறகு உற்பத்தி வளர்ச்சி: 1934இல் 10.8 சதவீதம், 1935இல் 8.9, 1936இல் 12.9. விலைவாசி நீக்கிய கணக்கில் 1929இன் அளவை 1936லேயே எட்டிவிட்டார்கள். அப்போது அங்கே போர்ச் செலவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

நடுவில் கெடுத்தது 1937-38. மத்திய வங்கி மற்ற வங்கிகளின் கட்டாய இருப்பை இரண்டு மடங்காக்கியது. கருவூலம் உள்ளே வந்த தங்கத்தைப் பணமாக மாறவிடாமல் முடக்கியது. பட்ஜெட்டையும் இறுக்கினார்கள். உற்பத்தி விழுந்தது, 1938இல் வேலையின்மை மறுபடி ஏறியது. நீங்கள் சொல்லும் 17.2 அந்தச் சறுக்கலின் மிச்சம். இறுக்கியதைத் தளர்த்தியதும் 1939இல் 8 சதவீத வளர்ச்சி திரும்பிவிட்டது. "ஆறு வருடம் முயன்றும் முடியவில்லை" என்பதைவிட, நாலு வருடம் ஏறி, ஒரு வருடம் தாங்களே இறக்கி, மறுபடி ஏறினார்கள் என்பதே நடந்தது. பொருளியலாளர் கிறிஸ்டினா ரோமர் 1992இல் இதை விரிவாகக் காட்டினார்: 1942க்கு முந்தைய மீட்சியில் பெரும்பங்கு பணப்புழக்கம் பெருகியதால் வந்தது, அந்தப் பணம் ஐரோப்பாவிலிருந்து வந்த தங்கத்தால் பெருகியது.

#4 சிரியம் செல்வம்

நாயகி அக்கா, ஐரோப்பாவிலிருந்து தங்கம் ஏன் வந்தது? ஹிட்லர் பயத்தில் வந்தது. அப்படியானால் அதுவும் போரின் வேலைதானே? 1940இலும் 41இலும் பிரிட்டன் கொடுத்த ஆயுத ஆர்டர்தானே ஆலைகளை எழுப்பியது? பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு முன்பே அந்த வருடம் வளர்ச்சி 17.7 சதவீதம்.

#5 மோல்மேன் நாயகி

செல்வம், அது நியாயமான கேள்வி. 1934 மதிப்புக் குறைப்பு ஒரு பங்கு, பயம் ஒரு பங்கு. ஆனால் பயந்த தங்கம் எங்கிருந்து ஓடியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சமுத்திரம் உள்ள நாட்டுக்குப் போனது. விட்டுப்போன நாடுகளில் பணம் சுருங்கியது. 1939 நவம்பர் முதல் பிரிட்டனும் பிரான்சும் ரொக்கம் கொடுத்துத் தங்கள் கப்பலிலேயே சரக்கை ஏற்றிப்போக வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனின் தங்கமும் டாலர் சொத்தும் கரைந்த பிறகுதான் உடனே பணம் வாங்காமல் சரக்குக் கொடுக்கும் கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச்சில் வந்தது. அமெரிக்க ஆலைக்கு அது ஆர்டர், பிரிட்டனுக்கு அது கையிருப்பு காலி. உலகம் முழுவதையும் ஒரே பேரேட்டில் எழுதினால் வரவு மட்டும் எழுத முடியாது.

#6 கம்பை கதிர்

ஒரு சந்தேகம். வேலையின்மையை விடுங்கள். ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, 1940க்கும் 1944க்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் ஆனதே? அதையும் தள்ள முடியுமா?

#7 ஐந்தொகை

தள்ள வேண்டாம் கதிர், பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்றைய விலையில் 1940இல் சுமார் 10,300 கோடி டாலர், 1944இல் சுமார் 22,400 கோடி. இதற்குள் என்ன இருக்கிறது? டாங்கி, குண்டுவீச்சு விமானம், பீரங்கிக் குண்டு எல்லாம் அரசு கொடுத்த விலைக்கு அப்படியே ஜிடிபியில் ஏறும். வாங்குபவர் ஒருவரே. விலையைச் சந்தை நிர்ணயிக்கவில்லை. இன்னொரு பக்கம், 1942 பிப்ரவரி முதல் பொதுமக்களுக்குக் கார் உற்பத்தியே கிடையாது. டயர், பெட்ரோல், சர்க்கரை, காபி, இறைச்சி, செருப்பு எல்லாவற்றுக்கும் ரேஷன். 1942 ஏப்ரலில் பொது விலை உச்சவரம்பு வந்தது. வரம்பு போட்டால் ரசீதில் விலை ஏறாது. ஆனால் துணியின் தரம் இறங்கும், கள்ளச்சந்தை வளரும், கடையில் சரக்கே இருக்காது. விலை ஏறவில்லை என்று எழுதிக்கொண்டு அந்த விலைக் குறியீட்டால் வகுத்தால் "உண்மை" நுகர்வு கூடியதாகத் தெரியும். பொருளியலாளர் ராபர்ட் ஹிக்ஸ் இந்தக் குறையை எடுத்துக்காட்டி, மக்கள் வாழ்க்கையைப் பொறுத்தவரை போர்க்காலச் செழிப்பு என்பது கணக்குப் பிழை என்று வாதிட்டார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். வேலை கிடைத்த குடும்பம் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டது உண்மை. ஆனால் தனியார் முதலீடு 1941க்கும் 1943க்கும் நடுவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதும் உண்மை.

இன்னொரு பொருளியலாளர் ராபர்ட் பேரோ இரண்டாம் உலகப்போருக்குப் போட்ட பெருக்கி 0.8. அரசு 1 டாலர் கூடுதலாகச் செலவழித்தால் மொத்த உற்பத்தி 80 காசுதான் கூடுகிறது, மிச்ச 20 காசு தனியாரின் செலவிலிருந்து பிடுங்கப்பட்டது என்று பொருள்.

எனக்குப் பெரிய சாட்சி 1946. அந்த வருடம் ஜிடிபி 11.6 சதவீதம் விழுந்தது. மந்த காலத்தில் 1932ஐத் தவிர வேறெந்த வருடத்தையும்விடப் பெரிய வீழ்ச்சி. ஆனால் வேலையின்மை 3.9 சதவீதம்தான், கடைகளில் கூட்டம். மக்கள் நன்றாக வாழத் தொடங்கிய வருடத்தைப் படுவீழ்ச்சி என்று காட்டுகிற அளவுகோல், அதற்கு முந்தைய நாலு வருடத்தைச் செழிப்பு என்று காட்டினால் அப்படியே நம்பலாமா?

#8 பஸ்ஸீன் நெல்மண்டி

பிள்ளைகளே, அமெரிக்காவை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதே மந்தம் இந்த மண்ணுக்கும் வந்தது, அதே போரும் வந்தது. அந்தக் கணக்கை யாராவது போட வேண்டாமா?

முதலில் மந்தம். கீழ் பர்மாவில் நெல் விலை 100 கூடைக்குப் பேசுவது வழக்கம். ஒரு கூடை 46 பவுண்டு. 1920களின் பிற்பகுதியில் 100 கூடை 180 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1930-31 அறுவடையில் அது பாதிக்கும் கீழே போனது. நடவுக்கு முன் 500 ரூபாய் கடன் வாங்கியவர், வட்டியை விட்டுவிட்டாலும், 180 விலையில் 278 கூடை அளந்தால் கடன் தீரும். 75 விலையில் 667 கூடை அளக்க வேண்டும். நிலம் அதே நிலம், விளைச்சல் அதே விளைச்சல். கடன் ரூபாயில் எழுதியது, அது குறையாது. தலைவரியும் ரூபாயில்தான்: கல்யாணமானவருக்கு 5, ஆகாதவருக்கு இரண்டரை. 1930 டிசம்பரில் தராவடியில் சாயா சான் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்த வரிச்சுமை ஒரு முக்கியக் காரணம்.

செட்டியார் பெட்டியடிகளுக்கும் (கடன் கொடுக்கும் கடைகளுக்கும்) இது லாபமில்லை. 1930 வாக்கில் அவர்கள் பர்மாவில் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது தவணையும் வட்டியும், வயல் இல்லை. ஆனால் பணம் திரும்பாததால் ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் 5.7 லட்சம் ஏக்கர், சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1937இல் 24 லட்சம் ஏக்கருக்கு மேல், 25 சதவீதம். அவர்களின் சொத்துக் கணக்கில் ரொக்கம் போய் மண் வந்து உட்கார்ந்தது. அந்த மண்ணை விற்கவும் ஆளில்லை. விவசாயிக்கு நிலம் போனது, லேவாதேவிக்காரருக்கு முதல் முடங்கியது, ஊருக்குள் பகை மூண்டது.

இப்போது போர். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் முதல் குண்டு. 1942 மார்ச் 8இல் ஜப்பான் படை நகருக்குள் வந்தது. அதற்கு முந்தைய நாள் பிரிட்டிஷார் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாங்களே தகர்த்தார்கள். ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகள், 30ஆம் தேதி ஆவா பாலம். ஐராவதிப் படகுக் கம்பெனியின் 600க்கும் மேற்பட்ட கலங்களில் பெரும்பாலானவற்றை எதிரி கைக்குப் போகாமல் இருக்க ஆற்றிலேயே மூழ்கடித்தார்கள். டெல்டாவின் பெரும்பகுதியில் நெல்லை ஏற்ற சாலையோ ரயிலோ கிடையாது. படகு போனால் எல்லாம் போனது.

அடுத்து நடந்ததுதான் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடும் இடம். போருக்கு முன் வருடத்துக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி, அதில் பாதிக்கு மேல் இந்தியாவுக்கு. அந்தக் கடல் வழி மூடியது. ஜப்பானிடம் ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. டெல்டாவில் நெல் வாங்க ஆளின்றிக் கிடந்தது, மேல் பர்மாவில் பற்றாக்குறை, வங்காளத்தில் 1943இல் பஞ்சம் (அதற்குப் பர்மா அரிசி நின்றது பல காரணங்களில் ஒன்று). விற்க முடியாத நெல்லை யார் விதைப்பார்? உழவு மாடுகள் படைகளின் வண்டிக்கும் இறைச்சிக்கும் போயின, மிச்சத்தில் பலவற்றை வெக்கை நோய் கொண்டுபோனது. ஆட்களைத் தான்பியூசயாட்டிலிருந்து சயாமுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்குப் பிடித்துப்போனார்கள். மலாயாவிலிருந்து நம் தமிழர்களையும் அங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள், 415 கிலோமீட்டர் பாதை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அரக்கான், மணிப்பூர், அசாம் வழியாக வெளியேறினார்கள். கால்நடையாகப் போனவர்களில் பல ஆயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் அறுவடையிலும் இருந்த கைகள் அவை. போர் முடிந்தபோது நெல் சாகுபடிப் பரப்பு பழைய அளவில் ஏறத்தாழ பாதி. 30 லட்சம் டன் ஏற்றுமதியை அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த நாடு தொடவில்லை.

செல்வம், மந்தத்தில் நிலம் கைமாறியது, நிலம் இருந்தது. போரில் படகும் மாடும் ஆளும் பாலமும் போய்விட்டன. போர் மந்தத்தைத் தீர்க்கும் என்றால் எங்களுக்கு ஏன் தீர்க்கவில்லை?

#9 கம்பை கதிர்

ஐயா, ஜப்பான் காசு பற்றியும் சொல்லுங்கள். பழைய பெட்டிகளில் இன்றைக்கும் கிடைக்கிறது.

#10 மோல்மேன் நாயகி

அதை நான் சொல்கிறேன் ஐயா. போருக்குப் பணம் எப்படித் திரட்டுகிறார்கள் என்பதில்தான் இந்தக் கேள்வியின் பாதி விடை இருக்கிறது.

அமெரிக்கா செய்தது: ஒன்று, வருமான வரியை மேல்தட்டிலிருந்து சாதாரண தொழிலாளி வரை இறக்கி, 1943 முதல் சம்பளத்திலேயே பிடித்தது. இரண்டு, பத்திரம். ஈ வரிசைப் பத்திரம் 18.75 டாலருக்கு வாங்கினால் பத்து வருடத்தில் 25 டாலர், ஆண்டுக்கு 2.9 சதவீதம். மூன்று, மிச்சத்தை மத்திய வங்கி வாங்கிக்கொண்டது. குறுகிய காலப் பத்திரத்துக்கு 3/8 சதவீதம், நீண்ட காலத்துக்கு இரண்டரை என்று வட்டியை ஆணியடித்தார்கள். நான்கு, இவ்வளவு பணமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வராமல் இருக்க ரேஷனும் விலை வரம்பும். நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற மூன்றும் குலையும்.

ஜப்பான் பர்மாவில் செய்தது: நோட்டு அடித்தது. கால் ரூபாய், அரை, 1, 5, 10, பின்னால் 100 ரூபாய். கையில் இருந்தால் பாருங்கள், அந்த நோட்டில் வரிசை எண் கிடையாது. பர்மாவுக்கு என்று ஆங்கில 'பி' எழுத்தும் அதோடு இன்னொரு எழுத்தும் மட்டும். எண் இல்லாத நோட்டு எத்தனை அடிக்கப்பட்டது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. வரி இல்லை, பத்திரம் இல்லை, சரக்கும் இல்லை. துணி, உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எதுவும் போதுமான அளவு இறக்குமதி ஆகவில்லை. படை அந்த நோட்டைக் கொடுத்து நெல்லையும் மாட்டையும் கூலியையும் எடுத்துக்கொண்டது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் நோட்டு செல்லாது என்றார்கள். மூன்று வருட உழைப்பின் சேமிப்பு ஒரே உத்தரவில் காகிதம் ஆனது.

இரண்டு அரசும் செலவழித்தன. ஒன்றில் செலவழித்த பணம் அதே ஊரில் கூலியாகவும் பத்திரமாகவும் நின்றது. மற்றதில் பொருள் வெளியே போனது, காகிதம் உள்ளே நின்றது. அதனால்தான் "அரசு செலவு மந்தத்தைத் தீர்க்கும்" என்பதையும் "போர் மந்தத்தைத் தீர்க்கும்" என்பதையும் ஒன்றாகப் பேசாதீர்கள் என்று கேட்கிறேன்.

ஜப்பானையே எடுத்துக்கொண்டாலும், 1931 டிசம்பரில் நிதியமைச்சர் தகஹாஷி கொரெகியோ யென்னைத் தங்கத்திலிருந்து விடுவித்தார். ஒரு வருடத்தில் அதன் டாலர் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கியது, ஏற்றுமதி பிடித்துக்கொண்டது. 1932இலிருந்து அரசுப் பத்திரத்தை மத்திய வங்கியே வாங்கியது. மற்ற நாடுகள் தடுமாறும்போதே ஜப்பான் எழுந்துவிட்டது. அந்தச் செலவில் ராணுவத்துக்கும் பங்கு இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் வேலை முடிந்துவிட்டது, இனி விலைவாசி ஏறும் என்று கண்டு ராணுவ ஒதுக்கீட்டைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். 1936 பிப்ரவரி 26இல் இளம் அதிகாரிகள் அவரை வீட்டிலேயே கொன்றார்கள். அதன் பிறகு ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போட ஆளில்லை. மந்தத்திலிருந்து ஏற்றிவிட்ட செலவை நிறுத்த முடியாமல் போனதுதான் அந்த நாட்டை 1942இல் நம் வாசலுக்குக் கொண்டுவந்தது.

#11 கம்பை கதிர்

அக்கா, ஜெர்மனி? 1933இல் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை, 1938இல் ஆள் பற்றாக்குறை. போர் தொடங்கும் முன்பே.

#12 ஐந்தொகை

அது போர்த் தயாரிப்பு, அதிலும் கள்ளக் கணக்கு. மெஃபோ என்ற பெயருக்கு ஒரு கம்பெனி, அதன் உண்டியலை (பின்னால் பணம் தருவதாக எழுதிய கடன் சீட்டை) கொடுத்து ஆயுத ஆலைகளுக்குப் பணம் பட்டுவாடா செய்தார்கள். 1934 முதல் 1938 வரை 1,200 கோடி மார்க், அரசின் கடன் கணக்கில் வராமலேயே. கூலி உறைந்து நின்றது. 1935 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவை. யூதர்களை வேலையிலிருந்து விரட்டி, எண்ணிக்கையிலிருந்தும் நீக்கினார்கள். 1938இல் உண்டியல் முதிர்ந்தபோது கட்டப் பணமில்லை, இரும்புத்தாதும் ரப்பரும் எண்ணெயும் வாங்க அந்நியச் செலாவணியும் இல்லை. நிறுத்தச் சொன்ன மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட் 1939 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்தவன் நாட்டைப் பிடித்தால்தான் கடை நடக்கும் என்ற நிலையை மீட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#13 சிரியம் செல்வம்

நெல்மண்டி ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். கேள்வியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார். என் வாதத்தைக் குறுக்கிக்கொள்கிறேன்: சண்டை தன் மண்ணில் நடக்காத நாடு, சும்மா கிடக்கும் ஆளும் ஆலையும் உள்ள நாடு, தன் நோட்டில் கடன் வாங்கக்கூடிய நாடு. இந்த மூன்றும் சேர்ந்தால் போர் தூக்கிவிடும். பர்மாவுக்கு முதலாவதே இல்லை. ஆனால் கொரியப் போரின்போது நமக்கும் அது இருந்ததே? அரிசி விலை ஏறியதே?

#14 பஸ்ஸீன் நெல்மண்டி

ஏறியது. அதையும் விவரமாகப் பார்க்கலாம்.

1950 ஜூனில் கொரியாவில் சண்டை தொடங்கியதும் ஆசியா முழுக்க அரிசிக்குத் தட்டுப்பாடு. நம்மிடம் அரசின் விவசாய விற்பனை வாரியம்தான் ஒரே ஏற்றுமதியாளர். விவசாயிக்கு 100 கூடை நெல்லுக்கு 285 சாட் (கியாட், பர்மா நாணயம்) என்று விலை நிர்ணயம். 100 கூடை என்பது சுமார் 2,090 கிலோ நெல், அரைத்தால் ஏறத்தாழ 1,300 கிலோ அரிசி. ஆக ஒரு டன் அரிசிக்கான நெல் சுமார் 220 சாட். அரைப்புக் கூலி, சாக்கு, படகுக் கூலி தனி. உச்சத்தில் அரசுக்கு அரசு விற்ற விலை டன்னுக்கு 60 பவுன் (பிரிட்டிஷ் நாணயம்) வரை. ஒரு பவுன் 13.33 சாட், அதாவது 800 சாட். நடுவில் உள்ள பணம் முழுக்க அரசுக்கு.

அந்தப் பணத்தை நம்பி 1952இல் பியீதாதா திட்டம் போட்டார்கள். எட்டு வருடத் திட்டம், மின்சாரம், ரயில், வீடு, பள்ளிக்கூடம், எல்லாமே தேவையானவை. கொள்கையில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பிசகியது ஒன்றுதான்: விலை அப்படியே நிற்கும் என்று எழுதினார்கள். 1953 ஜூலையில் சண்டை நின்றது. தாய்லாந்து, அமெரிக்க அரிசி எல்லாம் சந்தைக்கு வந்தது. 60 பவுன் 40ஐ நோக்கி இறங்கியது. உயர்ந்த விலை வரும் என்று வாரியம் பிடித்துவைத்த அரிசி கிடங்கில் பழசாகித் தரம் இறங்கியது. அந்நியச் செலாவணி கரைந்து, 1955இல் சீனாவுக்கும் சோவியத் நாடுகளுக்கும் பண்டமாற்றாகக் கொடுக்க வேண்டி வந்தது. ரொக்கத்துக்கு அரிசி போனால் வேண்டியதை வாங்கலாம். பண்டமாற்றில் அவர்கள் கொடுப்பதைத்தான் வாங்க வேண்டும். திட்டம் பாதியில் நின்றது.

விவசாயிக்கு என்ன கிடைத்தது? உச்சத்திலும் 285தான், சரிவிலும் ஏறத்தாழ அதுவேதான். பட்டினி போடவில்லை என்பது உண்மை. ஆனால் விலை ஏறியபோது மாடு வாங்க, உரம் போட, வாய்க்கால் வெட்ட அவர் கையில் ஒரு காசு கூடுதலாகப் போகவில்லை. 1945இல் பாதியாகிப்போன விளைச்சலைத் திரும்பத் தூக்கவேண்டிய கையில் பணம் சேரவில்லை. தூரத்துப் போர் கொடுத்தது ஒரு விலையேற்றம். உற்பத்தித் திறன் எதையும் அது கொடுக்கவில்லை.

#15 நெறியாளர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. நாட்டின் இன்றைய நிலவரத்தை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம். பெயர் தெரியாமல் எழுதினாலும் எழுதுகிறவர்கள் இங்கே வாழ்கிறவர்கள்.

#16 சிரியம் செல்வம்

சரி ஐயா. கடைசியாக ஒன்று கேட்கிறேன். போர்தான் தூக்கவில்லை என்றால், போர் நின்றதும் அமெரிக்கா ஏன் பழைய குழிக்குள் விழவில்லை? அரசு செலவு 1945இல் 9,300 கோடி, 1947இல் 3,500 கோடிக்கும் கீழ். ஒரு கோடிப் பேர் படையிலிருந்து திரும்பினார்கள். விழுந்திருக்க வேண்டுமே?

#17 ஐந்தொகை

விழும் என்றுதான் அன்றைக்குப் பல பொருளியலாளர்களும் பயந்தார்கள். விழாததற்குக் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

வாங்க ஒன்றும் இல்லாததால் 1943, 44இல் குடும்பங்கள் கைக்கு வந்த வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கைச் சேமித்தன. மந்த காலத்துக் கடன் அடைந்திருந்தது, பெட்டியில் பத்திரம் இருந்தது. 1946இல் கார், குளிர்பதனப் பெட்டி, வீடு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வந்தார்கள். டாங்கி செய்த ஆலை அதே கட்டடத்தில், அதே தொழிலாளர்களோடு சில மாதத்தில் காருக்கு மாறியது, ஏனென்றால் ஒரு ஆலைமீதும் குண்டு விழவில்லை. 1944இல் போட்ட சட்டப்படி திரும்பிய வீரர்கள் லட்சக்கணக்கில் கல்லூரிக்குப் போனார்கள், வேலை தேடும் வரிசையில் நிற்கவில்லை. பெண்கள் பலரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது அவர்களுக்கு இழைத்த அநியாயம், கணக்கில் மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் ஆலைகள் இடிந்து கிடந்ததால் போட்டியும் இல்லை.

ஆனால் சேமித்தவர்கள் முழுதாகத் திரும்பப் பெற்றார்களா? 1942இல் 18.75 டாலருக்குப் பத்திரம் வாங்கியவர் 1952இல் 25 டாலர் பெற்றார். அந்தப் பத்து வருடத்தில் விலைவாசி 60 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. 18.75க்கு வாங்கிய அதே சரக்கை வாங்க 30 டாலர் வேண்டும். 1946இல் விலை வரம்பை எடுத்ததும் போர்க்காலத்தில் மூடிவைத்த விலையேற்றம் வெளியே வந்தது. போரின் செலவில் ஒரு பகுதியை வரியாகக் கட்டினார்கள், இன்னொரு பகுதியைப் பத்திரம் வைத்திருந்தவர்கள் இப்படிக் கட்டினார்கள். நாயகி அக்கா சொன்ன எண் இல்லாத நோட்டோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு மேல், ஆனால் அதுவும் இலவசம் இல்லை.

#18 கம்பை கதிர்

அப்படியென்றால் 1931இல் பர்மாவுக்கு என்ன செய்திருக்கலாம்? போர் இல்லாமல்?

#19 மோல்மேன் நாயகி

நாணய மதிப்பைக் குறைத்திருக்கலாம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் நம்மிடம் தனி நாணயம் இல்லை, இந்திய ரூபாய்தான். அது 1 ஷில்லிங் 6 பென்ஸ் விகிதத்தில் பவுனோடு கட்டியிருந்தது. 1931 செப்டம்பரில் பவுன் தங்கத்தை விட்டபோது ரூபாயும் கூடவே இறங்கியது, அதில் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. ஆனால் நம் அரிசியில் பாதிக்கு மேல் இந்தியாவுக்குப் போனது, அங்கேயும் அதே ரூபாய். எனவே மாற்று விகிதம் மட்டும் நம்மைக் காப்பாற்றியிருக்காது. இந்தியா முழுவதிலும் பணப்புழக்கம் பெருகி விலை ஏறியிருக்க வேண்டும். டெல்லி செய்தது எதிர்மாறு: செலவை வெட்டி, வட்டியை உயர்த்தி, விகிதத்தைக் காத்தது. விகிதத்தைக் காக்க உதவியது குடும்பங்கள் வேறு வழியின்றி விற்ற நகைத் தங்கம்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள், 1932 டிசம்பரில் தங்கத்தை விட்டது, தங்கத்தின் விலை ஏறியது, 1933இலேயே எழத் தொடங்கிவிட்டது. அவர்களிடம் விற்கத் தங்கம் இருந்தது என்பது வேறு. ஆனால் முடிவை எடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது.

இங்கேயே செய்யக்கூடியவையும் இருந்தன. தலைவரியை 1930லேயே நிறுத்துவது. நிலத்தீர்வையை அந்த வருடத்து நெல் விலைக்கு ஏற்பக் குறைப்பது. அசலையே புதிய விலைக்கு இறக்கி எழுதி, 15, 20 வருடத் தவணையாக்குவது. கடன் கொடுத்தவருக்கும் அது நல்லது, வராத 500ஐ விட வருகிற 300 மேல். டெல்டாவில் கரை கட்டுவதும் வாய்க்கால் தூர்வாருவதும் கூலிக்குச் செய்ய வேண்டிய வேலைகளாகக் குவிந்து கிடந்தன.

#20 பஸ்ஸீன் நெல்மண்டி

நாயகி சொன்னதில் ஒரு பகுதி சட்டமாகவும் வந்தது. குத்தகைச் சட்டம் 1939இல். நில உரிமை மாற்றச் சட்டமும் நிலக் கொள்முதல் சட்டமும் 1941இல். விலை விழுந்து பத்து வருடம் கழித்து. குத்தகைச் சட்டம் நடைமுறையில் நிற்கவில்லை, 1941இன் இரண்டு சட்டங்களும் வேலை செய்யத் தொடங்கும் முன் டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. நிலத்தை வைத்திருந்தவர்கள் மெட்ராஸுக்கும் கொல்கத்தாவுக்கும் கப்பல் தேடி ஓடினார்கள். யாருக்கு எவ்வளவு கடன், எந்த வயல் யாருடையது என்ற கேள்வி 1948இன் நில நாட்டுடைமைச் சட்டம் வரை தீரவில்லை. அதுவும் பரவலாக அமலுக்கு வந்தது, அதற்குப் பதிலாக 1953இல் போட்ட புதிய சட்டத்தின்படி, 1954இலிருந்துதான். 1930இல் தொடங்கிய கடன் பிரச்சினை 24 வருடம் இழுத்ததற்கு நடுவில் வந்த போர் முக்கியக் காரணம். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

செல்வம், உன் மூன்று நிபந்தனைகளோடு நாலாவதையும் சேர்த்துக்கொள்: போருக்கு முன்னாலேயே கடனும் நில உரிமையும் ஒழுங்காக இருக்க வேண்டும். அது இல்லாத நாட்டில், சண்டை தன் மண்ணில் நடக்காவிட்டாலும், கொரிய விலை வந்ததுபோல் பணம் வந்துவிட்டுப் போய்விடும்.

#21 சிரியம் செல்வம்

சேர்த்துக்கொள்கிறேன் ஐயா. 1939 குத்தகைச் சட்டம் ஏன் நிற்கவில்லை என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். குத்தகை விகிதத்தை எப்படிக் கணக்கிட்டார்கள், மாவட்ட வாரியாக எங்கே சிக்கியது என்பதை அங்கே எழுதுங்கள்.